லண்டன் பாதாள ரயில் நிலையப் புதிர்கள்: இந்த ஆறில் எத்தனை தேறும்?

வினாப்பெட்டி:

வணக்கம். வினாடி வினா சுற்று ஒன்றுக்காக லண்டன் பாதாள ரயில் நிலையங்களின் வரலாற்றை வைத்து 6 கேள்விகள் தயாராக உள்ளன. அணிக்கு ஒரு நிமிடம். கைபேசி கிடையாது. ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் செல்லும். மேடையில் முறையீடு வந்தால் நடுவர் அங்கேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கேள்வியும் நான் வைத்திருக்கும் விடையும் கீழே.

1. 1863-இல் உலகின் முதல் பாதாள ரயில் ஓடத் தொடங்கியபோது அதில் எத்தனை நிலையங்கள்? (7)
2. ‘ஸ்ட்ராண்ட்’ என்ற நிலையத்துக்குப் பின்னாளில் வந்த பெயர் என்ன? (ஆல்ட்விச்)
3. ‘மேக்கரல்’ என்ற மீன் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றுகூட இல்லாத ஒரே நிலையம் எது? (செயின்ட் ஜான்ஸ் வுட்)
4. கால்பந்து அணியின் பெயர் கொண்ட ஒரே நிலையம் எது? (ஆர்சனல்)
5. மிக ஆழமான நிலையம் எது? (ஹாம்ப்ஸ்டெட்)
6. அதிக உயிர்களைப் பலிகொண்ட விபத்து எந்த நிலையத்தில் நடந்தது? (பெத்னல் கிரீன், 1943, 173 பேர்)

எந்தக் கேள்வியில் இரண்டாவது விடைக்கு இடம் இருக்கிறது, அதை எப்படி அடைப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும். 2-ஆம் கேள்விதான் அதிகம் உறுத்துகிறது.

பழைய பிளாட்பாரம்:

உங்கள் உறுத்தல் சரிதான். 2-ஆம் கேள்விக்கு ‘சேரிங் கிராஸ்’ என்று எழுதும் அணிக்கும் மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். ஸ்ட்ராண்ட் என்ற பெயரை இரண்டு வெவ்வேறு நிலையங்கள் அடுத்தடுத்துச் சுமந்திருக்கின்றன. அந்த வட்டாரத்தை நான்கு இடங்களாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் இடம் தேம்ஸ் கரையோரம். டிஸ்ட்ரிக்ட் ரயில்வே 1870-இல் அங்கே ‘சேரிங் கிராஸ்’ என்று ஒரு நிலையம் திறந்தது. 1906-இல் அதன் அடியில் வந்து சேர்ந்த பேக்கர்லூ பாதை தன் பகுதிக்கு ‘எம்பாங்க்மென்ட்’ என்று பெயர் வைத்தது. ஒரே இடம், இரண்டு கம்பெனி, இரண்டு பெயர். 1915-இல் எல்லாம் சேர்ந்து ‘சேரிங் கிராஸ்’ ஆனது. 1974-இல் ‘சேரிங் கிராஸ் எம்பாங்க்மென்ட்’. 1976-இல் இருந்து வெறும் ‘எம்பாங்க்மென்ட்’.

இரண்டாவது, சேரிங் கிராஸ் பெரிய ரயில் நிலையத்தின் அடியில் 1907-இல் திறந்தது. இன்றைய நார்தர்ன் பாதை. பிறந்தபோது ‘சேரிங் கிராஸ்’, 1914-இல் ‘சேரிங் கிராஸ் (ஸ்ட்ராண்ட்)’, 1915-இல் ‘ஸ்ட்ராண்ட்’. ஜூபிலி பாதை வேலைக்காக 1973-இல் மூடினார்கள். 1979 மே 1 அன்று மறுபடி ‘சேரிங் கிராஸ்’ ஆகவே திறந்தது.

மூன்றாவது, பேக்கர்லூ பாதையின் ‘டிராஃபல்கர் ஸ்கொயர்’, 1906. அதுவும் 1979-இல் இரண்டாவதோடு இணைந்து ‘சேரிங் கிராஸ்’ ஆகிவிட்டது.

நான்காவதுதான் நீங்கள் கேட்க நினைத்தது. ஹோபர்னிலிருந்து பிரியும் குட்டைக் கிளையின் கடைசி நிலையம். 1907 நவம்பர் 30 அன்று ‘ஸ்ட்ராண்ட்’ என்ற பெயரில் திறந்து, 1915-இல் ‘ஆல்ட்விச்’ ஆகி, 1994 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. நாளுக்குச் சுமார் 450 பேர்தான் வந்துபோனார்கள். 1907-இல் வைத்த லிஃப்டுகளையே புதிதாக மாற்ற வேண்டிய கட்டம் வந்தபோது செலவு கட்டுப்படியாகவில்லை. முகப்பில் இன்று ‘ஸ்ட்ராண்ட் ஸ்டேஷன்’ என்ற பழைய எழுத்துதான் தெரியும். படத்தைப் பார்த்துத் தயாராகும் அணிகள் இங்கேதான் வழுக்கும்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். 1915 மே 9. அந்த ஒரே நாளில் நான்காவது இடம் ஸ்ட்ராண்ட் என்ற பெயரை விட்டது, இரண்டாவது இடம் அதை எடுத்துக்கொண்டது, இரண்டாவது விட்ட சேரிங் கிராஸ் என்ற பெயர் ஆற்றங்கரை நிலையத்துக்கு முழுதாகப் போனது. நாற்காலி விளையாட்டு போல மூன்று நிலையங்களும் இடம் மாறின. உங்கள் கேள்வியைவிட இது நல்ல கேள்வி: “1915 மே 9 அன்று ஸ்ட்ராண்ட் என்ற பெயரை இழந்த நிலையம் எது, பெற்ற நிலையம் எது?” விடை: இழந்தது ஆல்ட்விச், பெற்றது இன்றைய சேரிங் கிராஸின் நார்தர்ன் பாதைப் பகுதி. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் வையுங்கள்.

கடினம் என்று தோன்றினால் இப்படிச் சுருக்கலாம்: “1907-இல் ஸ்ட்ராண்ட் என்று திறந்து, 1994-இல் வேறொரு பெயரில் மூடப்பட்ட நிலையம் எது?” திறந்த ஆண்டு, மூடிய ஆண்டு இரண்டும் உள்ளே இருப்பதால் வேறு நிலையம் நுழைய வழியில்லை.

பெயர் வைத்துக் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் இந்தப் பாதுகாப்பு தேவை. ‘எட்ஜ்வேர் ரோடு நிலையம் எந்த ஆண்டு திறந்தது?’ என்றால் 1863, 1907 இரண்டும் சரி. அந்தப் பெயரில் இன்றும் இரண்டு நிலையங்கள் தனித்தனியாக இயங்குகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தெருவில் நடந்துதான் போக வேண்டும். ஹாம்மர்ஸ்மித்துக்கும் இதே கதை.

எழுத்தெண்ணி:

மீன் புதிருக்கு வருகிறேன். இது பழைய புதிர், நல்ல புதிர். ஆனால் 2010-க்குப் பிறகு கேள்வியில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல் இல்லாமல் கேட்கவே கூடாது. அந்த ஆண்டு திறந்த ஹாக்ஸ்டன் நிலையத்தின் பெயரிலும் மேக்கரல் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஹாக்ஸ்டன் லண்டன் ஓவர்கிரவுண்ட் என்ற வேறொரு நகர ரயில் அமைப்பைச் சேர்ந்தது, அண்டர்கிரவுண்ட் கிடையாது. ‘லண்டன் நிலையம்’ என்று பொதுவாகக் கேட்டால் ஹாக்ஸ்டன் எழுதிய அணி முறையீட்டில் ஜெயிக்கும்.

விடையை நீங்களே சரிபார்க்க ஒரு குறுக்கு வழி. மேக்கரலில் வேறுபட்ட எழுத்துகள் 7: எம், ஏ, சி, கே, ஈ, ஆர், எல். 272 நிலையப் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டாம். பெயரின் வாலைப் பாருங்கள். ஸ்ட்ரீட், ரோடு, பார்க், கேட், கிரீன், ஹில், லேன் என்று முடிவதெல்லாம் அங்கேயே விழுந்துவிடும். வால் தப்பிக்க விடுவது டவுன், வுட் போன்ற சில சொற்களைத்தான். அவற்றைத் தனியாக எடுத்தால் ஆக்டன் டவுன், கேம்டன் டவுன், கேனிங் டவுன் மூன்றும் ஏ எழுத்தில் விழும். கென்டிஷ் டவுன் கே-யில். சட்பரி டவுன் ஆர்-இல். நார்த்வுட் ஆர்-இல், ஓக்வுட் ஏ-யில், காலியர்ஸ் வுட் சி-யில். செயின்ட் ஜான்ஸ் வுட் மட்டும் நிற்கும். வால் இல்லாத ஒற்றைச் சொல் பெயர்களை அதன்பிறகு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் போதும்.

ஒரு கண்ணி உண்டு. செயின்ட் என்பதை இரண்டெழுத்துச் சுருக்கமாகத்தான் நிலையப் பெயரில் எழுதுகிறார்கள். யாராவது முழுச் சொல்லாக விரித்து எழுதி ‘ஏ இருக்கிறதே’ என்று கேட்டால், பெயர்ப் பலகையில் உள்ள எழுத்துதான் கணக்கு என்று விதியில் முன்பே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் வரலாற்றுச் சுற்று நடத்துவதால் இன்னொன்று. இன்றைய செயின்ட் ஜான்ஸ் வுட் 1939 நவம்பர் 20 அன்று திறந்தது. அதற்கு முன் மெட்ரோபாலிடன் பாதையில், லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி, 1868 முதல் வேறொரு நிலையம் இருந்தது. அதன் முதல் பெயர் ‘செயின்ட் ஜான்ஸ் வுட் ரோடு’. ரோடில் ஆர், ஏ இரண்டும் இருப்பதால் மீன் புதிருக்கு ஆகாது. 1925-இல் ரோடு உதிர்ந்தது. 1939 ஜூன் வரை அந்தப் பழைய நிலையம்தான் செயின்ட் ஜான்ஸ் வுட். பிறகு ‘லார்ட்ஸ்’ என்று பெயர் மாறி, சில மாதங்களிலேயே, புது நிலையம் திறந்ததும் மூடப்பட்டது. அதனால் கேள்வியில் ‘இன்று இயங்கும்’ என்ற இரண்டு சொல்லும் வேண்டும். மூடிய நிலையங்களை உள்ளே விட்டால் பட்டியல் நீளும், சரிபார்ப்பு வேலையும் பல மடங்காகும்.

திருத்திய கேள்வி: “இன்று இயங்கும் லண்டன் அண்டர்கிரவுண்ட் நிலையங்களில், பலகையில் உள்ள ஆங்கிலப் பெயரில் மேக்கரல் என்ற சொல்லின் எழுத்து ஒன்றுகூட இல்லாதது எது?”

வினாப்பெட்டி:

இருவருக்கும் நன்றி. 2-ஆம் கேள்விக்கு இரட்டை மதிப்பெண் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன். 4-ஆம் கேள்வியில் வெஸ்ட் ஹாம், விம்பிள்டன் என்று எழுதும் அணிகளை எப்படித் தடுப்பது? ‘அணியால் பெயர் பெற்ற’ என்று போட்டால் போதுமா?

செங்காவி ஓடு:

போதும்தான், ஆனால் அதைவிட உறுதியான பிடி இருக்கிறது. வெஸ்ட் ஹாம், விம்பிள்டன் இரண்டும் ஊர்ப் பெயர். அணிகள் ஊரிடமிருந்து பெயரை வாங்கின. ஆர்சனலில் எதிர்த்திசை. 1906 டிசம்பர் 15 அன்று திறந்தபோது அது ‘கில்லெஸ்பி ரோடு’. அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் விடாமல் வற்புறுத்தியதால் 1932-இல் பெயர் மாறியது. முதலில் ‘ஆர்சனல் (ஹைபரி ஹில்)’, அடைப்புக்குறி பிறகு உதிர்ந்தது.

ஆர்சனல் என்று மட்டும் கேட்டால் இன்னொரு சிக்கலும் வரும். நகரின் தென்கிழக்கில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ‘வுல்விச் ஆர்சனல்’ என்று ஒரு நிலையம் உண்டு. அணி பிறந்த ஆயுதச் சாலை அங்கேதான் இருந்தது. அந்த நிலையம் அண்டர்கிரவுண்டில் சேராது என்றாலும், வேகமாக விடை எழுதும் ஆட்களுக்கு இரண்டும் கலந்துவிடும்.

உறுதியான பிடி சுவரில் இருக்கிறது. 1906, 1907-இல் திறந்த பேக்கர்லூ, பிக்கடிலி, இன்றைய நார்தர்ன் பாதையின் ஹாம்ப்ஸ்டெட் கிளை ஆகிய மூன்று பாதைகளின் நிலையங்களையும் வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன். வெளிச்சுவர் முழுக்க மாட்டு ரத்தச் சிவப்பில் பளபளக்கும் சுடுமண் கட்டி, மாடியில் அரைவட்ட ஜன்னல், மேலே அலுவலகம் கட்ட வசதியாகத் தட்டைக் கூரை, தாங்க எஃகுச் சட்டகம். கீழே பிளாட்பாரத்தில் நிலையத்துக்கு நிலையம் ஓட்டின் நிறமும் கோலமும் மாறும். தினமும் வருபவர் பலகையைப் படிக்காமலே தன் நிலையத்தை அறிந்து இறங்கலாம். நிலையத்தின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டாமல் ஓட்டிலேயே சுட்டுப் பதித்தார்கள். பெயரை மாற்ற வேண்டுமென்றால் ஓட்டைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். பல இடங்களில் கொத்தவில்லை. ஆர்சனல் பிளாட்பாரத்தில் ஆளுயரத்துக்கு மேல் பெரிய எழுத்தில் ‘கில்லெஸ்பி ரோடு’ இன்றும் நிற்கிறது.

ஆகவே: “கால்பந்து அணியின் வற்புறுத்தலால் 1932-இல் பெயர் மாறி, பழைய பெயரைப் பிளாட்பார ஓடுகளில் இன்றும் தாங்கும் நிலையம் எது, அந்தப் பழைய பெயர் என்ன?”

கால்பந்துக் குறிப்பை எடுத்துவிட்டு ‘பழைய பெயர் ஓட்டில் உள்ள நிலையம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். மேரிலபோன் பிளாட்பாரத்தில் ‘கிரேட் சென்ட்ரல்’ என்று இருக்கிறது. 1907-இல் அந்தப் பெயரில் திறந்து 1917-இல் மாறிய நிலையம் அது.

வெட்டி மூடு:

மீதி மூன்றும் என் பக்கம்.

1-ஆம் கேள்வியின் விடை 7 சரிதான். பாடிங்டன் (பிஷப்ஸ் ரோடு), எட்ஜ்வேர் ரோடு, பேக்கர் ஸ்ட்ரீட், போர்ட்லண்ட் ரோடு, கோவர் ஸ்ட்ரீட், கிங்ஸ் கிராஸ், ஃபாரிங்டன் ஸ்ட்ரீட். சுமார் 6 கிலோமீட்டர். ஆனால் தெரிந்த அணிக்கு இது ஐந்து நொடிக் கேள்வி, தெரியாத அணிக்கு வெறும் ஊகம்; யோசித்துப் பிடிக்க எதுவும் இல்லை. அதே ஏழை வைத்தே ஆழமாகக் கேட்கலாம்: “1863-இல் திறந்த 7 நிலையங்களில் பிறகு வேறு இடத்துக்கு நகர்ந்தவை எவை?” விடை இரண்டு. ஃபாரிங்டன் 1865-இல் இன்றைய இடத்துக்கு வந்தது. கிங்ஸ் கிராஸின் இந்தப் பாதைக்கான பிளாட்பாரங்கள் 1941-இல் மேற்கே நகர்ந்தன. போர்ட்லண்ட் ரோடும் கோவர் ஸ்ட்ரீட்டும் இடம் மாறவில்லை. பெயர்தான் கிரேட் போர்ட்லண்ட் ஸ்ட்ரீட், யூஸ்டன் ஸ்கொயர் என்று மாறின. பெயர் மாறியதை இடம் மாறியதாக எண்ணி எழுதும் அணிகள் இங்கே மதிப்பெண் இழக்கும், அது நியாயமான இழப்பு.

தேதி கேட்பதாக இருந்தால் எச்சரிக்கை: 1863 ஜனவரி 9 விழா, ஜனவரி 10 பொதுமக்களுக்குத் திறப்பு. முதல் நாளில் சுமார் 38,000 பேர் ஏறினார்கள். 1890-இல் திறந்த, ஆழத்தில் குடைந்த குழாய்ச் சுரங்கத்தில் ஓடிய முதல் மின்சார ரயிலுக்கு இடைவெளி இன்னும் அதிகம்: நவம்பர் 4 வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார், டிசம்பர் 18 அன்றுதான் பயணிகளை ஏற்றினார்கள். ‘பொதுமக்களுக்கு’ என்ற சொல் கேள்வியில் இருக்கட்டும்.

படச் சுற்று உண்டென்றால் பேக்கர் ஸ்ட்ரீட்டின் 5, 6 எண் பிளாட்பாரங்களைப் போடுங்கள். 1863-இன் செங்கல் வளைவு அப்படியே இருக்கிறது. இரு பக்கச் சுவரிலும் சாய்வாக மேலேறும் குழிகள் தெரியும். நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் தெருமட்டத்து வெளிச்சமும் காற்றும் இறங்கிய வழி அவை. இப்போது உள்ளே மின்விளக்கு. ‘இந்தக் குழிகள் எதற்கு?’ என்பது புத்தகம் படிக்காதவரும் யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய கேள்வி. இந்த வகைக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது.

5-ஆம் கேள்வியில் ‘தெருமட்டத்திலிருந்து’ என்று சேருங்கள். ஹாம்ப்ஸ்டெட் 58.5 மீட்டர். காரணம் மேலே உள்ள குன்று. குன்றின் உயரம்தான் பெரும்பகுதி ஆழம். கடல்மட்டத்தை வைத்து அளந்தால் பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளி வாட்டர்லூவுக்குச் சற்றுத் தெற்கே, நார்தர்ன் பாதையில், 21.3 மீட்டர் கீழே. ‘திறக்கப்பட்ட’ என்ற சொல்லும் வேண்டும். ஹாம்ப்ஸ்டெட்டுக்கும் கோல்டர்ஸ் கிரீனுக்கும் நடுவே நார்த் எண்ட் என்று ஒரு நிலையத்தைத் தோண்டினார்கள்; அது இன்னும் ஆழமாக இருந்திருக்கும். வீடுகள் வர வேண்டிய நிலத்தைத் திறந்தவெளியாகவே காக்க வாங்கிவிட்டதால் பயணிகளுக்கு வழியில்லாமல் போனது. 1907-இல் பாதை திறந்தபோது அது பாதியில் கைவிடப்பட்டிருந்தது.

6-ஆம் கேள்வியை இந்த வடிவில் வைக்க வேண்டாம். 1943 மார்ச் 3 இரவு பெத்னல் கிரீனில் நடந்தது ரயில் விபத்தே அல்ல. அந்த நிலையத்தில் அப்போது ரயிலே ஓடவில்லை. பாதை வேலை போரால் நின்றிருந்தது, கட்டி முடியாத நிலையத்தை மக்கள் குண்டுவீச்சுப் புகலிடமாகப் பயன்படுத்தினார்கள். முதல் ரயில் வந்தது 1946 டிசம்பரில். அன்று அங்கே குண்டும் விழவில்லை. அபாயச் சங்கு ஒலித்து மக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த விக்டோரியா பார்க்கிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் வெடித்துக் கிளம்பின. பழக்கமில்லாத சத்தம். கூட்டம் உள்ளே நெருக்கியது. 19 படிகள், மங்கலான வெளிச்சம், நடுவில் கைப்பிடி இல்லை. அடிப்படிகளில் ஒருவர் தடுக்கி விழ, மேலிருந்து வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். இறந்த 173 பேரில் 62 பேர் குழந்தைகள்.

ரயில் ஓடும்போது நடந்த பெரிய விபத்தைக் கேட்டால் விடை வேறு: மூர்கேட், 1975 பிப்ரவரி 28, 43 பேர். ஆக உங்கள் கேள்விக்கு இரண்டு விடை. ஆனால் விடை ஒன்றா இரண்டா என்பதைவிட, இறந்தவர் எண்ணிக்கையை மணியடித்துச் சொல்லும் சுற்றில் வைக்கலாமா என்பதுதான் என் தயக்கம். வைத்தே ஆக வேண்டுமென்றால் எண்ணை விட்டுவிட்டு, “1943-இல் புகலிடமாக இருந்த பெத்னல் கிரீன் நிலையத்துக்கு முதல் பயணி ரயில் எந்த ஆண்டு வந்தது?” என்று கேட்டு, விடையோடு நடந்ததை இரண்டு வரியில் மரியாதையாகச் சொல்லுங்கள்.

வினாப்பெட்டி:

6-ஐ எடுத்துவிடுகிறேன். அதன் இடத்தில் மூடிய நிலையம் ஒன்றைப் போட விருப்பம். டவுன் ஸ்ட்ரீட் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேறு ஏதாவது?

பழைய பிளாட்பாரம்:

சவுத் கென்டிஷ் டவுன். வேறு பல நிலையங்கள் ஆள் வராமல் மூடியவை. இதை மூடியதற்குக் காரணமும் நாளும் தெளிவு. 1924 ஜூன் 5 அன்று லாட்ஸ் ரோடு மின்நிலையத்தில் வேலைநிறுத்தம், மின்சாரம் போதவில்லை, நிலையத்தை மூடினார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது, நிலையத்தைத் திறக்கவே இல்லை. லெஸ்லி கிரீனின் சிவப்பு முகப்பு கென்டிஷ் டவுன் ரோட்டில் அப்படியே நிற்கிறது.

“1924-இல் மின்நிலைய வேலைநிறுத்தத்துக்காக மூடி, பிறகு திறக்கப்படாமலே போன நிலையம் எது?” கென்டிஷ் டவுன் என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கொடுக்காதீர்கள், அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது.

செங்காவி ஓடு:

எளிதான மாற்று ஒன்று வேண்டுமென்றால் பிரிட்டிஷ் மியூசியம். சென்ட்ரல் பாதையில் 1900-இல் திறந்தது. பக்கத்திலேயே பிக்கடிலி பாதையின் ஹோபர்ன் 1906-இல் வந்தும், மாறிச் செல்பவர் தெருவில் ஏறித்தான் நடந்தார்கள். 1933-இல் சென்ட்ரல் பாதைக்கும் ஹோபர்னிலேயே பிளாட்பாரம் கட்டி, பிரிட்டிஷ் மியூசியத்தை மூடினார்கள். கேள்வியில் ‘எந்த நிலையம் அதன் இடத்தைப் பிடித்தது’ என்று கேளுங்கள். அருங்காட்சியகத்தை ஒட்டி இன்று உள்ள நிலையங்களில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, ரஸ்ஸல் ஸ்கொயர் என்று ஊகிப்பவர்கள் இருப்பார்கள். 1933 என்ற ஆண்டு உள்ளே இருந்தால் அந்த இரண்டும் தானாகவே வெளியே போகும், இரண்டும் 1900, 1906-லேயே திறந்துவிட்டவை.